மீடியம் மாற்றியும் வராத வாசிப்பு

எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது என் வேலை. பெற்றவர்களை அதை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரிலிருந்து பஸ் ஏறிப் பள்ளி பள்ளியாகப் போகும் ரிசோர்ஸ் டீச்சர் நான். பிள்ளையைப் படிக்க உட்கார வைத்துத் தொண்டை கட்டிப்போனவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

இன்னும் ஒன்று பாக்கி

எங்கள் தமிழக-கேரள எல்லைப் பக்கத்தில் பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால் பழி முதலில் பாஷைமேல்தான் விழும். எருத்தேன்பதி கிராமத்து யாழினியை மலையாளம் மீடியத்தில் சேர்த்தார்கள்; வாசிப்பு வரவில்லை. தமிழ் மீடியத்துக்கு மாற்றினார்கள். மூன்றாம் வகுப்பு வந்தும் அதே கதை. அடுத்தது பொள்ளாச்சியில் ஹாஸ்டல் என்று அவள் அப்பா முடிவு செய்துவிட்டார். அம்மாவை விட்டு ஒருநாள்கூட இருந்தறியாத குழந்தை அது. "ரெண்டு பாஷையிலும் ஒரே மாதிரி திணறுறாளே, அப்புறம் பாஷை என்னங்க பண்ணும்?" என்று கேட்டுப் பார்த்தேன். தென்னந்தோப்பு வைத்திருக்கும் அந்த அப்பா அசரவில்லை.

"இன்னும் இங்கிலீஷ் பாக்கி இருக்குதுங்களே டீச்சர்!"

டீச்சர் திருப்பிய பக்கம்

யாழினியைப் பற்றி எனக்குச் சொல்லி அனுப்பியது அவள் வகுப்பு டீச்சர். அவருக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். வேறு யாராவது இருந்தால் சோம்பேறி என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். இவரோ, யாழினி கடகடவென்று பாடம் வாசிக்கும்போது பேசாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார். அவள் நிற்கவே இல்லை. பழைய பக்கத்தையே ஒப்பித்துக்கொண்டு போயிருக்கிறாள். காதால் கேட்டதையெல்லாம் மனப்பாடம் செய்து சமாளித்து வந்திருக்கிறது பிள்ளை.

"இத்தனை புத்தி இருக்கற புள்ளைய எப்படீங்க மக்குன்னு சொல்றது?" என்றார் அந்த டீச்சர்.

அப்பா படித்த பாஷை

கண், காது இரண்டிலும் கோளாறு இல்லை என்று பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியில் மனநல நிபுணரும் சோதித்து, டிஸ்லெக்ஸியாதான் என்றார். புத்திக்குக் குறைவில்லை, எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில்தான் தடுமாற்றம், தனியாகச் சொல்லிக்கொடுத்தால் மெல்ல மெல்ல வரும் என்று அப்பா அம்மா இருவருக்கும் விளக்கினேன். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும் என்றும் சொன்னேன். அம்மா சட்டென்று கணவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, பாலக்காட்டுல பஸ் போர்டைப் படிக்கச் சொன்னா, நான் தமிழ் படிச்சவன்னு சொல்லுவீங்க. கோயமுத்தூர்ல கேட்டா, மலையாளம் படிச்சவன்னு சொல்லுவீங்க. நெசமா எதைத்தானுங்க படிச்சீங்க?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். என் கண் கலங்கிவிட்டது.

"ஹாஸ்டல் வேண்டாமுங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல நான் வாங்குன அடி எம் புள்ளைக்கு வேண்டாம்."

ஒரு பிள்ளையைச் சோதிக்கப் போய் ஒரே வீட்டில் இரண்டு பேரைக் கண்டுபிடிக்க வைக்கும் இந்த வேலைக்கு, சித்தூர் பஸ் வராத நாள் தவிர மற்ற நாளெல்லாம் நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.