மேல்வீட்டில் முரலும் தவளைகள்

பொம்பிலியு வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ருமேனியாவில் உள்ள திமிஷ்வாரா நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பாதியின் மோட்டார் சத்தம் அவருக்கு அத்துப்படி. ஓடுகிற லிஃப்டுக்குள் கண்ணை மூடி நின்று, "கம்பி நல்லாத்தான் இருக்கு, சக்கரத்துலதான் எண்ணெய் இல்ல" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் காதுக்கு ஓய்வில்லை. நான் அவருடைய எதிர்வீட்டுக்காரி, வெத்தூரியா. என் வாஷிங் மெஷின் கிறிஸ்துமஸ் தாண்டாது என்று ஒருமுறை சொன்னார். தாண்டவில்லை.

அவருக்குப் பிடிபடாமல் இருந்தது ஒரே ஒரு சத்தம். சில சாயங்காலங்களில் மேல்வீட்டிலிருந்து வரும். வண்டின் ரீங்காரம் மாதிரி தொடர்ச்சியான முரலல், நடுவில் நிற்கும், பிறகு மறுபடி ஆரம்பிக்கும். மேல்வீட்டில் தனியாக இருந்தவள் சிதோனியா. பொம்பிலியு அவள் கதவைப் பலமுறை தட்டியிருக்கிறார்.

"ஏதோ மோட்டார்ல பேரிங் தேஞ்சிருக்கும்மா. நான் பாத்துத் தரேன்."

"எங்க வீட்ல மோட்டாரே இல்லண்ணே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள்.

சிதோனியா வருஷத்தில் பாதியை இத்தாலியில் கழித்தாள். வெரோனாவில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளும் அவள் சித்தி மகளும் முறை வைத்துப் போய் வருவார்கள். இவள் அங்கே இருந்தால் அவள் இங்கே, இந்த வீட்டில். அந்த வசந்த காலத்தில் சித்தி மகள் கல்யாணம் செய்துகொண்டு புக்கரெஸ்டுக்குப் போய்விட்டாள். இத்தாலிக்குக் கிளம்ப வேண்டிய சிதோனியா, சாவியோடு பொம்பிலியு வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் அப்போது அவருக்குச் சூப் கொண்டுபோயிருந்தேன்.

"அண்ணே, ஒரு உதவி. என் தவளைங்கள கொஞ்சம் பாத்துக்கணும்."

"தவளையா? பேகா கால்வாய்ல கத்துறது போதாதா உனக்கு?"

"இது வேற. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கரைக்கே வராது, தண்ணியிலயே கெடக்கும். மூச்சு விடறதுக்கு மட்டும் மேல வரும்."

"கத்துமா?"

"வருஷக்கணக்கா பேரிங்குன்னு சொல்றீங்களே, அது இதுங்கதான்."

பொம்பிலியு கரண்டியைக் கீழே வைத்தார். "ஏன் இத மொதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா தொட்டி ஒழுகுது, கூரை ஈரமாகுதுன்னு அடுத்த சண்டை போட்டிருப்பீங்க."

அவர் நம்பவில்லை. விரல் நீளம்கூட இல்லாத ஒன்று கான்கிரீட் தளத்தைத் தாண்டிக் கேட்கும்படி முரலுமா? ஆனால் சாவியை வாங்கிக்கொண்டார். நம்பாததால்தான் வாங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சிதோனியா சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள். ஃப்ரீசரில் இருக்கும் சிவப்புப் புழுக்களைக் கரைய வைத்து, மூக்குக்கு முன்னால் விட வேண்டும், ஏனென்றால் அவற்றுக்குக் கண் சரியாகத் தெரியாது. குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்து, வீட்டுச் சூட்டுக்கு வந்தபிறகே ஊற்ற வேண்டும். தொட்டி மூடியைத் திறந்து வைக்கவே கூடாது.

முதல் நாளே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு மேலே போனார். தொட்டியில் நான்கு தவளைகள். ஒன்று கைகால்களைப் பரப்பிக்கொண்டு, அசைவே இல்லாமல் தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதந்தது.

"போச்சு" என்றார் பொம்பிலியு. "அந்தப் பொண்ணு பஸ்ஸு ஹங்கேரியக்கூட தாண்டியிருக்காது. அதுக்குள்ள ஒண்ணு செத்துப்போச்சு."

நான்தான் போன் போட்டேன். சிதோனியா சிரித்தாள். "அது சும்மா மெதக்குது. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க." தள்ளி நின்றோம். சற்று நேரத்தில் அது ஒரு உதை உதைத்துக்கொண்டு அடியில் போய் ஒரு கல்லுக்குப் பின்னால் புகுந்தது.

அதன் பிறகு அவர் அங்கேயே நாற்காலி போட்டுவிட்டார். தவளைகள் தோலை உரித்து, உரித்த தோலை வாயால் இழுத்துத் தின்பதை எனக்கு வந்து சொன்னார். பக்கத்தில் கிடக்கும் புழுவை விட்டுவிட்டு, இன்னொரு தவளையின் விரலைக் கவ்வுவதைச் சொன்னார். முரலல் மட்டும் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கண்ணாடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டுப் பார்த்தார். மோட்டார்களை அப்படித்தான் கேட்பாராம். ஒன்றும் இல்லை.

"ஏமாத்திருச்சும்மா உன் தவளைங்க" என்று போனில் சிதோனியாவிடம் சொன்னார். அவளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கிழவியின் குரல் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டது.

"பாடுச்சான்னு எங்க வீட்டம்மா கேக்குறாங்க" என்றாள் சிதோனியா. அதன்பின் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் அதைக் கேட்டாள்.

தண்ணீருக்குள்ளேயே கேட்டால் தெரியுமோ என்று, ஒருநாள் மூடியைச் சற்றே நகர்த்தி ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டார். மூடியைத் திரும்பச் சரியாகப் போடவில்லை. மறுநாள் வந்து என் கதவைத் தட்டினார்.

"மூணுதான் இருக்கு."

சோபாவை இழுத்தோம், திரைச்சீலையை உதறினோம், செருப்புகளைக் கவிழ்த்தோம். கடைசியில் தண்ணீர் வாளிக்கு அடியில் கிடந்த ஈரத் துணியின் மடிப்பில் இருந்தது. தூசியும் நூலும் ஒட்டி, பிளம் கொட்டை மாதிரி இருந்தது. நானாக இருந்தால் கூட்டித் தள்ளியிருப்பேன். அவர் ஒரு காபிக் கோப்பையில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சமாக மொண்டு அதில் விட்டார். இரண்டு பேரும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து ஒரு பின்னங்கால் அசைந்தது.

"இத அவகிட்ட சொல்லணுமா என்ன? பொழச்சிருச்சுல்ல" என்றேன்.

"லிஃப்ட்ல மாட்டுன ஆள எறக்கி விட்டுட்டு, ஒண்ணும் நடக்கலன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமா வெத்தூரியா?"

அன்றைக்கே சொன்னார். சிதோனியா முதலில் அது தின்கிறதா என்று கேட்டாள். பிறகு, "மூடி மேல கனமா ஏதாவது வைங்கண்ணே" என்றாள். அவருடைய டூல்ஸ் பெட்டியே மேலே ஏறியது.

மே மாதம் விடாமல் மழை. வாளியைப் பால்கனியில் வைத்துவிட்டு, சூடேற விடாமல் அப்படியே ஊற்றிவிட்டார். ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மறுபடி ஒரு குற்றம் ஆகிவிட்டதே என்று புலம்பிக்கொண்டே தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். சாயங்காலம் என்னை வந்து கூப்பிட்டார்.

"வா. பேசாம வா."

தொட்டியின் மூலையில் ஒரு தவளை, முன்கைகளை ஊன்றிக்கொண்டு முரன்றுகொண்டிருந்தது. தூரத்தில் டிராம் போகிற மாதிரியான சத்தம். தொண்டை உப்பவில்லை, வாய் திறக்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. பொம்பிலியு ஸ்க்ரூ டிரைவரைக் கண்ணாடியில் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்தார். "பேரிங் இல்ல" என்றார் மெதுவாக.

சிதோனியாவுக்குப் போன் போனது. "தண்ணி ஜில்லுன்னு ஊத்துனீங்களா?" என்று கேட்டாள். "மழைன்னு நெனச்சிருக்கும். எனக்கும் நிச்சயமாத் தெரியாதுண்ணே. மழைக்காலத்துலதான் அதிகமா முரலும், அத மட்டும் பாத்திருக்கேன்."

ஒருமுறை நடந்ததை வைத்து முடிவுகட்டுகிற ஆள் அல்ல அவர். அடுத்த முறை தண்ணீரைச் சூடேற்றி ஊற்றினார். தொட்டி மௌனம். அதற்கடுத்த முறை, பயந்து பயந்து, கொஞ்சமே கொஞ்சம் குளிர்ச்சியாக ஊற்றினார். முரலல் வந்தது. போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தார். வெரோனாவில் அந்த அம்மாள் கேட்டுவிட்டு என்னவோ சொன்னாள்.

"செத்துப்போன வீட்டுக்காரரு கொறட்டை இப்படித்தான் இருக்குமாம்" என்றாள் சிதோனியா. "இன்னொரு தடவை வைக்கச் சொல்றாங்க."

அந்த வாரமே தண்ணீர்மேல் மிளகாய் விதையைவிடச் சின்னதாகப் புள்ளிகள் மிதந்தன. முட்டைகள். பெற்றவையே அவற்றைத் தின்ன ஆரம்பிப்பதைக் கண்டு, சூப் கரண்டியால் அள்ளித் தன் வீட்டு எனாமல் பாத்திரத்துக்கு மாற்றினார். பெரும்பாலும் பூசணம் பிடித்துப் போயின. மிச்சத்தில் சில பொரிந்தன. அவற்றுக்கு இரை தேடி, பாட்டிலோடு கால்வாய்க் கரையில் குனிந்து நின்றவரைப் பார்த்து, "என்னண்ணே, மீன் பெருசா மாட்டுச்சா?" என்று ஆட்கள் கேலி செய்தார்கள்.

ஜூலையில் சிதோனியா பெட்டியோடு வந்து இறங்கியபோது, அவர் சாவியைக் கொடுக்காமல் அவளை நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். அவள் பாத்திரத்தின்மேல் குனிந்து, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"இத்தனை வருஷம் வெச்சிருக்கேன். நான் முட்டையையே பாத்ததில்ல அண்ணே."

கான்ஸ்டன்ட்சாவில் இருக்கும் அவர் மகள் வருஷா வருஷம் கடற்கரைக்குக் கூப்பிடுவாள். மனைவி இறந்தபிறகு அவர் ஒருமுறையும் போனதில்லை. இந்த முறையும், "குஞ்சுங்கள விட்டுட்டு எப்படி வர்றது?" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். சிதோனியா அதைக் கேட்டுவிட்டாள்.

"நான் எங்க போறேன் இப்ப? போய்ட்டு வாங்க."

போனார். தினமும் போனும் வந்தது. திரும்பி வந்தபோது அவர் முகம் வெயிலில் கறுத்திருந்தது, ஒரு தலைப்பிரட்டைக்கு முன்கால் முளைத்திருந்தது. ஆணா பெண்ணா என்று கேட்டார். குளிர்காலம் வரைக்கும் தெரியாது என்றாள் சிதோனியா. ஆண்தான் முரலும் என்றும் சொன்னாள். அதுவரைக்கும் அதற்கு எதுவும் ஆகிவிடக் கூடாதென்று, அவர் அந்தப் பாத்திரத்தை ஜன்னல் காற்று படாத பக்கமாக நகர்த்தி வைத்தார்.