நாலு பேருக்கு மேல் டிவி பார்க்கக் கூடாது

என் மாமனார் கண்ணுச்சாமியைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் நான் முதலில் சிரித்துவிடுவேன். அப்புறம்தான் ஒத்துக்கொள்வேன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். மிச்ச நேரத்துக்கு வெம்பக்கோட்டை சாலையோரம் கொஞ்சம் கரிசல் காடு. மழை எப்படிப் பெய்கிறதோ அதைப் பார்த்து மக்காச்சோளமோ பருத்தியோ போடுவார். ஆள் ஒல்லி, குரல் கனம். யாரிடமும் வம்புதும்புக்குப் போகாத மனிதர். ஆனால் வீட்டில் ஒரு டிவி வைத்திருந்தார். அந்த டிவியால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

டிவி வந்த கதையை என் மனைவி அழகுமீனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் ஒன்றை ஒன்றரையாகச் சொல்லக்கூடியவள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்து மூன்றாம் வருசத் தீபாவளி போனஸ் கையில் விழுந்ததும் மாமனார் சாத்தூரில் ஜெய்லானி பாய் கடைக்குப் போய் ஒரு கலர் டிவி, விசிடி பிளேயர், ஆம்ப்ளிபயர், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் என்று ஒரே லோடாக வாங்கிவிட்டார். பாய் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டிவிட்டு, வழியனுப்பும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"சூடு மட்டும் ஏறாமப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

ஒரு பட்டாசு போர்மேனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? மாமனார் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டாராம்.

"சூடு ஏறுமா பாய்?"

"ஏறாம? பின்னாடி ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, அதுதான் அது மூச்சு விடுற எடம். சுவரோட ஒட்டி வச்சிராதீக. மேல துணியப் போட்டு மூடாதீக. பிளேயர் மேல ஆம்ப்ளிபயர், அதுக்கு மேல பூச்சாடின்னு அடுக்கிராதீக. சுத்திக் காத்துப் போக எடம் விடுங்க."

"விடலன்னா?"

"உள்ள இருக்க சாமான் போயிரும். அப்புறம் இங்கனதான் தூக்கிட்டு வரணும்."

பாய் ரிப்பேர் செலவை நினைத்துச் சொன்னார். மாமனார் கேட்டுக்கொண்டது வேறு.

அவர் கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். அதற்கு மேல் ஒரு தலை கூடக் கூடாது. ஓடுவதற்கு வசதியாகப் பல பக்கமும் வாசல். கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். நைலான் சேலை கட்டிக்கொண்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளே போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுப் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெடிமருந்து கலக்கிற பேச்சே கிடையாது. இந்தச் சட்டம் அத்தனையும் டிவியோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்து இறங்கியது.

முதல் பலி என் மாமியார் ராக்காயி அத்தை. டிவி வருவதற்கு முன்பே மயில் போட்டு, ஓரத்தில் லேஸ் வைத்து ஓர் உறை தைத்து வைத்திருந்தார். அது அன்றைக்கே கிரைண்டருக்குப் போய்விட்டது. டிவி சுவரை விட்டு விலகி நடு ரூமில் தனியாக நின்றது. பிளேயர் ஒரு ஸ்டூலில், ஆம்ப்ளிபயர் இன்னொரு ஸ்டூலில், ஒன்றை ஒன்று தொடாமல். மூலையில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். "தண்ணிய மட்டும் கரண்டு மேல ஊத்திராதீக, செத்துருவீக" என்று ஜெய்லானி பாய் போனில் கத்திய பிறகு தண்ணீர் வாளி வெளியே போனது. மணல் வாளி இரண்டாகியது.

அணைத்த டிவியின் கண்ணாடிப் பக்கம் கையைக் கொண்டுபோனால் கைமயிர் சிலிர்த்துச் சடசடவென்று கேட்கும் அல்லவா, அதை ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு முளைத்தது. தொடாமல் யாரும் உள்ளே போக முடியாது. சீரியல் பார்க்க வரும் எதிர்வீட்டு ராமுத்தாய் பழக்க தோசத்தில் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவார். சீரியலில் கதாநாயகி விசத்தைக் கையில் எடுக்கிற நேரமாகப் பார்த்து மாமனார் வருவார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை டிவி முதுகில் வைப்பார். "ரெஸ்ட்டு விடணும்" என்பார். பட்டென்று அணைத்துவிடுவார். கதாநாயகி குடித்தாளா இல்லையா என்பது மறுநாள்தான் தெரியும்.

இந்த வீட்டுக்குத்தான் நாங்கள் பெண் பார்க்கப் போனோம். எனக்குச் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் அச்சடிக்கிற மிசின் என் கையில். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. தாய்மாமா உக்கிரபாண்டி சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. விருதுநகரில் உளுந்து வியாபாரம் செய்கிற அவர், பெயருக்கு ஏற்ற கோபக்காரர். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை ஏற்கெனவே முறித்திருந்தார். ஒன்றில் வடை ஊசிப்போயிருந்ததாம். இன்னொன்றில் வாங்க என்று சொன்ன குரலில் மரியாதை குறைவாம்.

அழகுமீனா பலகாரத் தட்டைக் கொண்டுவந்தாள். என்னிடம் நீட்டும்போது, "சேவு காரம் கூடுதலு. பாத்துச் சாப்பிடுங்க" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். அதற்கப்புறம் நடந்த பேச்சு எதுவும் என் காதில் ஏறவில்லை. இரண்டு பக்கமும் சம்மதம்தான், தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி என்ற இடத்துக்கு வந்தபோது யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாலரை ஆகிவிட்டது. ராகு காலம். ஆறு மணி வரைக்கும் தட்டைத் தொடக்கூடாது.

சும்மா உட்கார்ந்திருந்தால் மாமாவுக்குக் குறைதான் கண்ணில் படும் என்று நான் பயந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் கைதட்டல் கேட்டது. அன்றைக்கு இந்தியா மேட்ச். மாமா எழுந்து, "இங்கன டிவி இருக்கா?" என்றபடி உள் ரூமுக்குப் போனார். வாசலில் மாமனார் தகட்டைக் காட்டினார். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு தொட்டார். நான், என் அம்மா, மாமாவின் மனைவி மூன்று பேரும் பின்னால் போனோம். நாலு பேர். சட்டப்படி சரியாக இருந்தது.

பின்னாலேயே என் சித்தப்பா சீனிவாசகம் நுழைந்தார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக" என்றார் மாமனார். "யாராச்சும் ஒருத்தர் வெளிய வந்தாத் தேவல."

மாமா அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தார். இந்தியா விளாச ஆரம்பித்தது. சத்தம் கேட்டு எங்களோடு வேனில் வந்த மற்றவர்களும் உள்ளே வந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் முழுக்கத் தெருப் பையன்களின் தலை. மாமனார் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றார். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. வெயில் என்று நினைத்தேன். கடைசி எட்டு ஓவர் இருக்கும்போது உள்ளே வந்து, டிவி முதுகில் புறங்கையை வைத்தார். அணைத்துவிட்டார்.

மாமா துள்ளி எழுந்தார்.

"என்னய்யா பண்ணுனீரு?"

"சூடு ஏறிருச்சு அண்ணாச்சி. ஆளும் கூடிப்போச்சு."

"ஆளு கூடிப்போச்சா? பொண்ணு பாக்க வந்தவன எண்ணிக்கிட்டா இருக்கீரு? இப்பவே இப்பிடின்னா நாளைக்குப் பந்தில எல எண்ணுவீரு போல! எந்திரிங்க எல்லாரும். தட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாமா எதிரில் பேசி எனக்குப் பழக்கமில்லை. மூன்றாவது சம்பந்தமும் போகிறது, அதுவும் நான் மனசைக் கொடுத்துவிட்ட பிறகு போகிறது. மாமனாரோ கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாரே தவிர டிவியை மறுபடி போடுகிற மாதிரி தெரியவில்லை. மாமா வாசலுக்குப் போய் ஒரு கால் செருப்பை மாட்டிவிட்டார்.

அப்போதுதான் அழகுமீனா அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பது வழக்கமில்லை. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை.

"அய்யா, ரூமுக்குத்தான நாலு பேரு? வெளிய எத்தன பேருன்னு இருக்கு?"

"வெளியவா? வெளிய என்னத்தா கணக்கு?"

"அப்ப டிவியத் தூக்கி வெளிய வைங்க. சுத்திக் காத்துத்தான். அதுக்கும் சூடு ஏறாது, இவுகளும் உக்காந்து பாப்பாக."

மாமனார் வாசலில் நின்ற புங்க மரத்தைப் பார்த்தார். "மரத்தடில மருந்து வேல செய்யக் கூடாதும்மா. இன்ஸ்பெக்டர் பாத்தா கம்பெனிக்குச் சீல் வச்சிருவாரு."

"வேல செய்யத்தான் கூடாது. உக்காரவுமா கூடாது?"

ஜன்னலில் இருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவும் சிரித்தார். மாமாவின் மீசை கொஞ்சம் அசைந்தது. "எத்தன ஓவரு கெடக்கு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். ஒரு கால் செருப்பைக் கழற்றவும் இல்லை, இன்னொன்றை மாட்டவும் இல்லை. இதுதான் சமயம் என்று நான் எழுந்துபோய் டிவியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறுபக்கத்தை மாமனார் பிடித்தார். ஆபத்து என்றால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று கேபிளையும் கரண்டு ஒயரையும் முன்பே நீளமாக இழுத்து வைத்திருந்தார், புண்ணியவான்.

அந்தக் காலத்து டிவி அம்மிக்கல் கனம். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி, அடி மேல் அடி வைத்து நகர்ந்தோம். நடு வழியில் அவர் மெல்லச் சொன்னார்.

"தம்பி, நான் மருவாதி தெரியாதவன் இல்ல."

"தெரியும் மாமா" என்றேன். மாமா என்று கூப்பிட இன்னும் தட்டு மாற்றவில்லை, வாயில் வந்துவிட்டது.

"முந்தி வேற கம்பெனில இருந்தேன். சீசன் நேரம். ஆர்டர் முடியலன்னு ஒரே ரூம்ல ஏழெட்டுப் பேர உக்கார வச்சாக. எல்லாம் எங்க ஊருப் பயலுக. நான் தண்ணி குடிக்க வெளிய வந்தேன்."

வாசல் வந்துவிட்டது. "படி இருக்கு, பாத்து எறங்குங்க" என்றார். இவரைப் போயா ஊர் கேலி செய்கிறது என்று இருந்தது. கால் மணி நேரம் முன்பு நானும் மனசுக்குள் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன்.

மரத்தடி ஸ்டூலில் டிவி ஏறியதும் பாதித் தெரு வந்து உட்கார்ந்துவிட்டது. மாமனார் யாரையும் எண்ணவில்லை. மாமாவுக்கு நாற்காலி போட்டு, கையில் சேவுத் தட்டையும் கொடுத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மேட்ச்சில் நம் ஆட்கள் தோற்றார்கள். ஜெயித்துத் தொலைத்திருந்தால் மாமாவுக்கு மாமனார் மேல் இருந்த கோபம் அப்படியே மிச்சம் இருந்திருக்கும். அது முழுக்க அந்தப் பதினொரு பேர் மேல் திரும்பியதுதான் எனக்கு அடித்த யோகம். ஆறு மணி அடித்தபோது அவர் திட்டித் திட்டிக் களைத்து, மாமனாரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார். "நீரு அமத்துனதே சரிதான்யா! பாத்திருக்கவே கூடாது."

தட்டு மாற்றினோம். மாமா உற்சாகமாக, "சிவகாசில பெரிய மண்டபமாப் புடிச்சிருவோம். ஏசி மண்டபம். ஆயிரம் பேரு உக்காரணும்" என்றார்.

மாமனார் தலையை ஆட்டினார். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. ராக்காயி அத்தை சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தார். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக மாமா முன்னால் வாயைத் திறந்தேன்.

"மண்டபம் வேணாம் மாமா. இங்கனயே வெளிய பந்தல் போட்டுருவோம்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, தட்டு மாத்தி அஞ்சு நிமிசம் ஆகல. அதுக்குள்ள அந்தப் பக்கம் சாஞ்சிட்டியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சரி, போடுங்க. நாலு பக்கமும் தெறந்து போடுங்க, ஒங்க மாமனாருக்குக் காத்து வேணும்."

வைகாசி வெயிலில் வெட்டவெளிப் பந்தலில் எங்கள் கல்யாணம் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் ஏன் மண்டபம் பிடிக்கவில்லை என்று முணுமுணுத்தார்கள். ஜெய்லானி பாய் மொய் எழுதிவிட்டு, "அண்ணாச்சி, டிவியச் சுத்தி விடச் சொன்ன எடத்த விட இங்க கூடுதலா விட்டிருக்கீக" என்று மாமனாரைச் சீண்டினார். எல்லாருக்கும் பரிமாறி முடித்து வீட்டு ஆட்கள் பந்தி வந்தபோது, மாமா மாமனாரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஆட்கள், தோளோடு தோள் இடிக்கிற நெருக்கம்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயச வாளியோடு நின்றேன். ராக்காயி அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய கம்பெனி வெடிச்சுப் பதினெட்டு வருசமாச்சு மாப்ள. எந்தக் கல்யாண வீட்லயும் இவரு பந்தில உக்காந்ததில்ல. வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டு வந்துருவாரு. வீட்டுக்கு வந்து பழைய சோத்தத் திம்பாரு. கேட்டா, பசிக்கலம்பாரு."

மாமனார் அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டு, மாமா ஏதோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, இலையில் இடம் காட்டி, "இங்கன இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாப்ள" என்றார்.