ஆடாதோடைச் சாறு

ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. வராமல் தடுக்க ஊசி மட்டும் உண்டு. இல்லாத அந்த மருந்தைச் செடிகொடிகளில் தேடுவதுதான் ஆய்வகத்தில் என் வேலை. கண்ணாடித் தட்டில் ஆட்டுச் செல்களை வளர்த்து, வைரஸை விட்டு, மேலே இலைச்சாற்றை ஊற்றிப் பார்க்க வேண்டும். நான்கு வருடம் ஊற்றியதெல்லாம் மண்ணாய்ப் போனது. ஒரு நாள் ஆடாதோடைச் சாறு விட்ட தட்டில் மட்டும் செல்கள் சாகாமல் இருந்தன.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாகல் நகர் வீட்டுக்குப் போகும் ஆட்டோவிலேயே அக்காவுக்குப் போன் போட்டேன். கொடைரோடு பக்கம் அவளுக்குப் பதினெட்டு ஆடுகள். அவள் பிழைப்பே அதுதான்.

"அக்கா, உன் வேலியில நிக்கிற எலதான்க்கா. வைரஸ் செத்தே போச்சு!" என்றேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். செல்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. மறுபடியும் செய்தேன், அதே கதி. முதல் தட்டில் நான்தான் வைரஸைக் குறைவாக விட்டிருக்கிறேன். சாறு ஒன்றுமே செய்யவில்லை. அக்காவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பொங்கலுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். படித்த கழுதை!

அதற்குள் ஊசி போடுகிறவர்கள் அவள் ஊருக்கு வந்திருக்கிறார்கள். "எந் தங்கச்சியே மருந்து கண்டுபிடிச்சுட்டா, ஊசி எதுக்குங்க?" என்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டாளாம். ஆடுகளுக்குக் கழிச்சல் கண்ட பிறகு அவள் வீட்டுக்காரர் போனில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பட்டியில் மூன்றுதான் மிச்சம். மூக்கில் சளி வடிய, வாயெல்லாம் புண்ணாக நின்றன. அந்த இலையை ஆடு தொடாது என்பதால் அக்கா சாற்றை மூங்கில் குழாயில் எடுத்து ஒரு குட்டியின் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துக்கா. அது வேலை செய்யாது. நான் சொன்னது தப்பு. எனக்கு முன்னாடியே தெரியும்க்கா."

அடிப்பாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஏத்தா, ஆடு செத்ததப் பாத்துட்டு மனசொடிஞ்சு பேசுற. உன் மேல தப்பில்ல. கசக்குமேன்னு நாந்தேன் தண்ணிய ஊத்திட்டேன்" என்றாள். "ஊருக்குள்ள அம்புட்டுப் பேரும் ஊசி வேணாம்னு இதத்தேன் அரைக்கிறாக. கெட்டியா அரைக்கச் சொல்லிட்டு வாரேன், இரு."