அக்கா முகவாய் வைத்த குழாய்

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது. இவனுக்கு அது கொஞ்சம் அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். அக்கா வைத்த பெயர் ரெட்டைப்பூட்டு. அது எப்படியோ வேலையிடம்வரை பரவி, காவலாளிகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திப் பலகை மாட்டிவிடுவான். மூச்சு வாங்கப் படியேறுகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போவார்கள். அவன் அசைந்துகொடுக்க மாட்டான்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கும் ஒரு கிறுக்கு இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயப் பாதையில் கட்டணம் கட்டி யாரும் சொந்தக் காரை ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, வேகம் மட்டும்தான். தன் நாலு கதவுச் சின்னக் காரை அங்கே கொண்டுபோய் விரட்டு விரட்டென்று விரட்டுவான். ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் சந்தேகமெல்லாம் போன இடம் தெரியாது.

மற்ற நாட்களில் அதே காரில்தான் அக்காவை வேலைக்குக் கொண்டுபோய் விடுவான். அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் விரிப்பு மடிக்கும் வேலை. அப்பா அம்மா போன பிறகு, வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்து அவனை வளர்த்து ஆளாக்கியவள். பக்கவாட்டில் உயர்ந்து இடுப்பைக் கவ்வும் பந்தய சீட்டுகளை அவன் காரின் முன்பக்கம் மாட்டிய அன்று, அக்கா ஒன்றில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொண்டாள். "டேய், என்னை உருவி எடுடா!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து அவள் இடம் பின்சீட். இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினால் ஆஸ்பத்திரி வாசல்வரை பேச்சு ஓயாது. மேற்பார்வையாளரின் கஞ்சத்தனம், காணாமல் போன தலையணை உறைகள், அவனுக்குப் பார்க்க வேண்டிய பெண். "கொஞ்சம் வாயை மூடிட்டு வாயேன்க்கா" என்று அவன் கெஞ்சாத நாளில்லை.

இரண்டு தோளையும் சீட்டோடு இறுக்கிக் கட்டும் பந்தய பெல்ட் வாங்கிய பிறகுதான் அதை எங்கே மாட்டுவது என்ற கேள்வி வந்தது. வெல்டிங் பட்டறைக்காரரிடம் போனான். அவர் அவன் தோளில் கையை வைத்து விளக்கினார்.

"வார் தோள்ல இருந்து நேரா பின்னால போகணும் சார். தரையில கொண்டுபோய் மாட்டினா, மோதுறப்ப முதுகெலும்பை அமுக்கிடும். அதனால தோள் உயரத்துல ஒரு குறுக்குக் குழாய் வேணும். அதுமட்டும் போதாது. வண்டி கவுந்து கூரை இறங்கினா இந்த பெல்ட்ல குனியக்கூட முடியாது. கூரையைத் தாங்க ஒரு வளைவும் வேணும்."

இரும்புக் குழாயை வளைத்து, தரையில் தகடு வைத்து போல்ட் போட்டு, குறுக்கே ஒன்றைப் பற்றவைத்த சட்டம் ஒன்று மாதிரிக்காகப் பட்டறையில் நின்றது. பார்த்ததுமே அவனுக்கு மனசு பறிபோய்விட்டது.

"பின்சீட்ல யாராவது உட்காருவாங்களா சார்? உட்காருவாங்கன்னா நான் போட மாட்டேன். ஹெல்மெட் இல்லாத தலை இதுல வந்து மோதினா தாங்காது."

"யாரும் உட்கார மாட்டாங்கண்ணே" என்றான். கண்கூட இமைக்கவில்லை.

"அப்ப பின்சீட்டைக் கழட்டிடுங்க."

முன்சீட்டுகளுக்குப் பின்னால் குழாயைப் பொருத்திக்கொண்டு வந்தான். பின்சீட்டைக் கழற்றத்தான் நினைத்தான். கழற்றினால் அக்கா நெரிசலில் பஸ் ஏற வேண்டும். ஏன் என்று கேட்பாள். பதில் சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். லிஃப்ட் உதிரிப் பாகங்களோடு வந்த மெத்துமெத்தென்ற நுரைப்பட்டையைக் குழாயில் சுற்றிவைத்தான். அது போதாது என்று அவனுக்கே தெரியும்.

மறுநாள் காலை அக்கா பின்னால் ஏறினாள். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாகாக முகவாயை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"அடேயப்பா, எனக்குன்னு இப்பவாவது ஒரு வசதி பண்ணணும்னு தோணுச்சே!"

 இல்லை என்று சொல்லாமல் அவன் வண்டியைக் கிளப்பினான். சலவைப் பிரிவு முழுக்க, தம்பி தனக்காகப் பிடிமானம் செய்து போட்டிருக்கிறான் என்று அவள் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

ஒருநாள் குறுக்குச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் சட்டென்று நுழைந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். சைக்கிள்காரர் தப்பித்தார். பின்னால் ணங் என்று ஒரு சத்தம். பாதி வாக்கியத்தில் அக்காவின் பேச்சு நின்றது.

வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே அவள் புருவத்துக்குத் தையல் போட்டார்கள். எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்டாள்.

"என் தம்பி மட்டும் அந்தக் கம்பியைப் போடலைன்னா கண்ணாடியை ஒடச்சிட்டு ரோட்டுக்கே போயிருப்பேன்மா. அவன் புண்ணியத்துல பொழச்சேன்" என்றாள் அக்கா.

அவன் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். தலையை வேறு ஆட்டினான். அந்த ஆட்டலை நினைத்தால்தான் அவனுக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மனசாட்சி இருக்கிறவன் ஆட்டுகிற தலையா அது! அன்று பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவள் அதையே சொன்னாள். அவன் தட்டில் போட்டது தட்டிலேயே கிடந்தது.

விடிந்ததும் பட்டறைக்குப் போனான். பட்டறைக்காரர் காரின் கதவைத் திறந்தார். பின்சீட்டைப் பார்த்தார், நுரைப்பட்டையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்பேனரை எடுத்தார். கேட்டிருந்தாலாவது தேவலை.

காரைப் பார்த்ததும் அக்கா சண்டைக்கு வந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? என் உசிரைக் காப்பாத்தினதைப் போய்க் கழட்டிட்டு வந்திருக்க! அதை மாட்டாம நான் இந்த வண்டியில ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

இதற்குமேல் அவனால் முடியவில்லை.

"அதுதான்க்கா உன் மண்டையை ஒடச்சது. அது இல்லன்னா உனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. என் பெல்ட்டுக்காகப் போட்டேன்."

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"பட்டறைக்காரர் சொன்னார். பின்சீட்ல யாராவது உட்காருவாங்களான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"யாரும் இல்லன்னு சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவந்து மடிக்க ஆரம்பித்தாள். அவன் சட்டையையும் வழக்கம்போல மடித்து வைத்தாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும் நாள் வந்தது. அவளே வந்து பின்கதவைத் திறந்து ஏறினாள். நன்றாகப் பின்னால் சாய்ந்து, பெல்ட்டை மாட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். தெரு தாண்டியது, பாலம் தாண்டியது. காருக்குள் எஞ்சின் சத்தம் மட்டும்தான். இத்தனை வருஷம் அவன் கெஞ்சிக் கேட்ட அமைதி அதுதான். 

"அக்கா, ஏதாவது பேசேன்க்கா."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"பின்சீட்ல யாரும் இல்லப்பா."

கேலிதானா என்று தெரிந்துகொள்ள அவன் கண்ணாடியில் பார்த்தான். தையல் போட்ட புருவம்தான் தெரிந்தது.