படத்தில் விழுந்தவர்

குருநகரில் லியோனுக்குப் பட்டப்பெயர் ‘அரக்குங்கோ’. அரக்குவது என்றால் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்பது. கலியாண வீடோ, கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளோ, கமராவைத் தூக்கியதும் படப்பிடிப்பாளர் லியோனின் வாயில் வரும் முதற் சொல் அதுதான். “தங்கச்சி, கொஞ்சம் அரக்குங்கோ. மாமா, நீங்களும் ஒருக்கா அரக்குங்கோ.” ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையையே அரக்கி அரக்கிப் படத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதை அவர் மறுத்ததில்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அது ஊருக்குத் தெரியாது. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு சண்டையால் கொழும்புப் பாதை பூட்டுப்பட்டு, மண்ணெண்ணெயும் சவர்க்காரமுமே அருமைப்பட்ட காலத்தில், பிலிம் ரோல் குதிரைக்கொம்பாகிவிட்டது. கரண்டும் இல்லை. கடையின் யன்னற்பலகையில் ஒரு துளை போட்டு, அதால் வரும் வெயிலில்தான் படம் அச்சடித்தார். ஆனால் கமராவைக் கண்டால் சனம் சும்மா விடுமா? என்னையும் ஒன்று எடுங்கள் என்று முன்னால் வந்து நிற்கும். மாட்டேன் என்றால் மனஸ்தாபம். அதனால் லியோன் கமராவைக் கண்ணில் வைத்து, நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டிக்’ என்று ஒரு சத்தம் எழுப்புவார். பிலிம் அசையாது. வந்தவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போய்விடுவார். இதில் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். படம் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல, ரோல் பழுதாகிவிட்டது என்ற பதிலும் கைவசம் இருந்தது.

அப்படியிருக்கையில்தான் கத்தோலிக்கப் பெரியகோயிலின் சுவாமியார் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு ஒரு புது ரோலைக் கையில் வைத்தார். கொழும்பிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரியின் பைக்குள் ஒளிந்து வந்த ரோல் அது.

“லியோன், நாளைக்கு ஒரு ஷெல் விழுந்தால் இந்தக் கோயில் எப்பிடி இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? கோயிலையும் சுத்தியிருக்கிற பழைய தெருவளையும் எடுத்து வையும். திருப்பிக் கட்டிறவனுக்கு உதவும். ஆனால் ஒண்டு, ஆக்கள் நிண்டு தூணை மறைக்கக் கூடாது.”

ஆளில்லாமல் படம் எடுக்கச் சொன்னால் லியோனுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. அடுத்த நாள் காலைப் பூசை முடிந்ததும் தொடங்கினார். கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒல்லாந்தர் காலத்து வீடுகள் சில அப்போதும் மிச்சம் நின்றன. இரண்டு முழத் தடிப்பான சுவர், தெருவைப் பார்த்த விறாந்தை, ஷெல் பட்டு ஓடு கொட்டுண்ட கூரை. ஒவ்வொரு தெருவிலும் சனத்தை அரக்கினார். கச்சான் விற்ற மனிசியை அரக்கினார். வெயில் காய்ந்த நாயைக்கூடக் கல் எறிந்து எழுப்பினார். கோயில் முகப்பில் ஒரு தூண் மட்டும் அவருக்குச் சரிவரவில்லை. நிழல் விழுகிறதென்று அதை இரண்டு தரம் எடுத்தார்.

முழு முகப்பையும் எடுக்க அவர் ஆயத்தமான நேரத்தில்தான் செபமாலை வந்தான். குருநகர்க் கடற்றொழிலாளி, முப்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளின் பின்னால் வெறும் மீன்பெட்டி. சந்தையால் வீட்டுக்குப் போகிற வழி. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்து, விரலால் தலையைச் சீவிக்கொண்டு கோயில் வாசலுக்கு இடப்பக்கம் போய் நின்றான்.

“லியோன் அண்ணை, பெரியகோயிலோடை சேத்து என்னையும் ஒருக்கா எடுங்கோ. எனக்கெண்டு ஒரு படமும் இல்லை. கலியாணப் படம் கோட்டைச் சண்டையிலை வீட்டோடை போட்டுது.”

லியோன் கமராவைக் கண்ணில் வைத்தார். ‘டிக்.’

“நான் படத்திலை விழுந்திட்டனோ அண்ணை?”

“ஓம், வடிவா விழுந்திட்டீர். இப்ப கொஞ்சம் அரக்கும்.”

செபமாலை உடனே அரக்கினான். அதோடு போனானா? இல்லை. லியோனின் பின்னால் நின்று, தெருவால் வந்த சனத்தையெல்லாம் கை நீட்டி மறித்தான். “அண்ணை படம் எடுக்கிறார், கொஞ்சம் அரக்குங்கோ” என்று அவனே கத்தினான். அந்த உதவியால்தான் முகப்பு ஒரு குஞ்சு குருமான் இல்லாமல் துப்புரவாக வந்தது. சுவாமியார் படத்தைப் பார்த்து மெச்சினார்.

மாரி தொடங்கிய நாட்களில் செபமாலை கடலுக்குப் போனான். அவன் வரவில்லை. வள்ளத்தின் ஒரு துண்டு மட்டும் ஒதுங்கியது. கடலில் நேவி சுட்ட சத்தம் கேட்டது என்றவர்களும் உண்டு, பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றவர்களும் உண்டு. அவனுடைய மனைவி மக்டலீன் பின்னதைத்தான் நம்பினாள். எங்காவது முகாமில் இருப்பான், விடுவார்கள், வருவான் என்று ஒரு வருடம் காத்திருந்தாள். பிறகு ஒரு நாள் கறுப்புச் சேலையோடு லியோனின் கடைக்கு வந்தாள்.

“அண்ணை, அவருக்கு ஆண்டுத் திருப்பலி ஒப்புக்குடுக்கப் போறன். இனி என்னத்தைப் பாக்கிறது? நீங்கள் எடுத்த அந்தப் படத்தைத் தாங்கோ.”

“எந்தப் படம், தங்கச்சி?”

“பெரியகோயில் வாசல்லை எடுத்தது. வீட்டை வந்து எத்தினை நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தவர். கோயிலோடை சேந்து விழுந்திட்டன், லியோன் அண்ணை வடிவெண்டு சொன்னவர் எண்டு. பெட்டியும் இல்லை, குழியும் இல்லை. அடையாள அட்டையும் அவரோடை கடலுக்கை போட்டுது. சின்னவளுக்கு அப்பாவின்ரை முகம் மறக்கப் பாக்குது. அதையெண்டாலும் வைப்பம்.”

ரோல் பழுதாகிவிட்டது என்ற பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அதே ரோலில் எடுத்த கோயில் படத்தைச் சுவாமியார் ஊருக்கெல்லாம் காட்டியிருந்தாரே!

“அந்த ஒண்டை மட்டும் இன்னும் அச்சடிக்கேல்லைத் தங்கச்சி. மருந்து வரவேணும்.”

அது இன்னும் கேவலமான பொய். மக்டலீன் அதையும் நம்பினாள். போகும்போது ஓலைப்பையிலிருந்து ஒரு கை சூடைமீனை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். லியோனின் மனைவி கத்தரீனா அதைப் பொரித்துப் போட்டாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

“என்னப்பா, மீன் பழுதே?”

“மீனிலை ஒண்டுமில்லை” என்று கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

பின்னேரம் கடையைச் சாத்தி, பிலிமை எடுத்து யன்னல் துளையில் வந்த வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஏதோ ஓர் ஓரத்தில் செபமாலையின் தோளாவது, சைக்கிளின் ஹாண்டிலாவது அகப்பட்டிருக்காதா என்று ஒரு நப்பாசை. எதுவுமில்லை. எத்தனை வீடு, எத்தனை சுவர், எத்தனை யன்னல்! எல்லாம் பளிங்குபோலத் துப்புரவாக இருந்தன. அந்தத் தூண் இரண்டு தரம் இருந்தது. ஒரு தூணுக்கு இரண்டு படம் கொடுக்க மனம் வந்தது, கேட்டு நின்ற மனிதனுக்கு ஒன்று கொடுக்க வரவில்லை. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மக்டலீன் திரும்பவும் வந்தாள், திரும்பவும் மீன் வைத்தாள். மூன்றாந்தரம் அவள் பைக்குள் கைவிட்டபோது லியோனால் தாங்க முடியவில்லை. கோயில் படத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“மீன் வேண்டாம் தங்கச்சி. இதிலை அவர் இல்லை. நான் அவரை எடுக்கேல்லை.”

“எடுத்தனீங்கள் தானே? சத்தம் கேட்டதெண்டும் சொன்னவர்.”

லியோன் வாயால் விளங்கப்படுத்தப் பார்த்தார். கடைசியில் அவள் முகத்துக்கு நேரே நாக்கைத் தட்டிக் காட்டினார். ‘டிக்.’

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் லியோனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அவருக்கு உது தெரியுமோ?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியாது.”

“எங்கை நிண்டவர்?”

வாசலின் இடப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மக்டலீன் அந்த வெறும் இடத்தைக் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

“இவ்வளவு இடம் சும்மா கிடக்கு. ஒரு மனிசன் நிண்டால் கோயிலுக்கு என்ன குறைஞ்சுபோகும், அண்ணை?”

அவள் படத்தை எடுக்காமலே போனாள்.

ஆண்டுத் திருப்பலிக்கு லியோன் போனார். அழைக்காமலேதான் போனார், கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். ஒரு ரோலின் வாலில் ஒரேயொரு படம் மிச்சம் இருந்தது. அந்தக் கமராவைத் தோளில் கொழுவியிருந்தார். எதற்கென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திராது. பீடத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி மட்டும் எரிந்தது. படம் வைக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. பூசை முழுக்க அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மக்டலீன் தன் இரண்டு பெண்பிள்ளைகளோடு அவரிடம் வந்தாள். பூசைக்கு வந்த சனம் கலையாமல் முற்றத்தில் நின்றது.

“அண்ணை, எங்களை ஒருக்கா எடுங்கோ. அவர் நிண்ட இடத்திலை.”

“ஓம் தங்கச்சி, எடுக்கிறன்.”

மூவரும் வாசலுக்கு இடப்பக்கம் போனார்கள். லியோன் கமராவைத் தூக்கினார்.

“பொறுங்கோ” என்றாள் மக்டலீன். “வாயைத் திறந்துகொண்டு எடுங்கோ.”

சனம் ஒன்றும் விளங்காமல் பார்த்தது. லியோனுக்குக் காது வரை சுட்டது. ஐம்பது தாண்டிய மனிதர், ஊரையே அரக்கியவர், பெரியகோயில் முன்னால் எல்லோரும் பார்க்க வாயை ஆவென்று திறந்தார்.

திறந்த வாயோடு கமராவுக்குள் பார்த்தார். பிள்ளைகள் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மக்டலீன் மறுபக்கம் தள்ளி நின்றாள். நடுவே ஓர் ஆள் நிற்கக்கூடிய இடைவெளி. அரக்குங்கோ என்ற சொல் பழக்கதோஷத்தில் தொண்டைவரை வந்தது. திறந்த வாயால் அதைச் சொல்ல முடியாது. அந்த இடைவெளியோடு சேர்த்துப் பொத்தானை அமத்தினார். கமரா தன் சொந்தச் சத்தத்தைப் போட்டது.

மக்டலீன் கிட்ட வந்தாள். அவள் கமராவைப் பார்க்கவில்லை, அவருடைய வாயைத்தான் பார்த்தாள்.

“நாங்கள் விழுந்திட்டமோ, அண்ணை?”

அன்றைக்குச் செபமாலைக்குச் சொன்ன அதே ‘ஓம்’தான் லியோனிடம் இருந்தது. வேறு சொல் இருக்கவில்லை. அதைச் சொன்னார்.

“படம் கையிலை வரட்டும்” என்றுவிட்டு அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.