ஒரு சென்டிமீட்டர்தானே!

கடந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், ஊரிலிருந்து புலம்பெயர்ந்து வந்து இன்டர்லாக்கனில் இருக்கும் என் மாமியோடு ஒரு மருத்துவரிடம் போயிருந்தேன். மாமி அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். ஜெர்மன் ஓரளவு பேசுவார். ஆனால் மருத்துவர் முன்னால் இருந்துவிட்டால் தலையாட்டுவதோடு சரி. அதனால்தான் நான் அட்லிஸ்வில்லில் இருந்து ரயிலேறி வந்தேன். நான் இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேயே படித்து, பள்ளியில் கணிதம் கற்பிக்கிறவள்.

மாமியின் கழுத்தில், தைரொய்ட் சுரப்பியில் ஒரு கட்டி. முந்தைய ஆண்டு ஸ்கேன் எடுத்தபோது பந்து மாதிரி உருண்டையாக, இரண்டு சென்டிமீட்டர் விட்டத்தில் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் இப்போது சோறு இறங்கவில்லை, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மாமி சொல்லிக்கொண்டே இருந்தார்.

மருத்துவர் புதிய ஸ்கேனைத் திரையில் பார்த்தார். மாமியைப் பார்க்கவில்லை.

"மூன்று சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்தானே வளர்ந்திருக்கிறது? அடுத்த வருடம் பார்க்கலாம்."

மூச்சு முட்டுவதை எடுத்துச் சொன்னேன். லேசாகச் சிரித்தார். "உங்கள் நாட்டுப் பெண்கள் எதையும் கொஞ்சம் பெரிதாகத்தான் சொல்வார்கள்."

"என்ன பிள்ளை சொல்லுறார்?" என்று மாமி கேட்டார். அதை நான் எந்த வாயால் மொழிபெயர்ப்பது?

மேசையில் கிடந்த ஒரு துண்டுத் தாளை இழுத்து, கோளத்தின் கனவளவை, அதாவது அது அடைக்கும் இடத்தை, கணக்கிட்டேன். விட்டத்தில் பாதியான ஆரையை மூன்று தரம் எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, அதைப் பை (π) என்ற எண்ணாலும் மூன்றில் நான்காலும் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். நான்கு மில்லிலீட்டராக இருந்த கட்டி, பதினான்காகியிருந்தது!

"இது கோடு இல்லை, உருண்டை. மூன்று மடங்குக்கு மேல் பெருத்திருக்கிறது" என்றேன்.

"நீங்கள் மருத்துவரா?"

"இல்லை. கணித ஆசிரியை."

"அப்படியானால் கணிதத்தைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள்."

மாமி என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு பிள்ளை, டொக்டரோட சண்டை பிடிக்காதை. அடுத்த வருசம் வருவம்."

"இல்லை மாமி. வேற டொக்டரிட்டப் போறம்."

வேறொரு நிபுணரிடம் அனுப்பும்வரை எழும்ப மாட்டோம் என்று கதிரையிலேயே இருந்தேன். என் குரல் உயர்ந்தது. அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே! கடைசியில், தொல்லை விட்டால் போதும் என்று சம்மதித்தார்.

பேர்னில் நாங்கள் பார்த்த மருத்துவர் ஒரு பெண். மாமியை மல்லாந்து படுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே மாமி திணறிப்போய் எழுந்து உட்கார்ந்தார். பிறகு அந்த மருத்துவர் பழைய ஸ்கேனையும் புதியதையும் வைத்து முதலில் செய்தது, கட்டியின் கனவளவைக் கணக்கிட்டதுதான். நல்ல காலம், புற்றுநோய் இல்லை. ஆனால் கட்டி மூச்சுக்குழாயை ஒரு பக்கமாக நெரித்துக்கொண்டிருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள்.

வீடு திரும்பிய சில நாட்களில் மாமி தொலைபேசியில் அழைத்தார். "நேரா மல்லாக்கப் படுத்து நித்திரை கொண்டன், பிள்ளை" என்றார்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தச் சூத்திரம் முதல் மருத்துவருக்குத் தெரியாததல்ல. மாமிக்காக அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். துணைக்கு ஒருவரும் இல்லாமல் போய், "அடுத்த வருடம்" என்ற பதிலோடு எழும்பி வந்த எத்தனை பேர் இன்றைக்கும் மூச்சுத் திணறிக்கொண்டு கிடக்கிறார்களோ!