பாதி மலை

பெயின்டில் கலக்கும் டர்பன்டைன் வாசனை எனக்கு இன்னும் ஆகாது. பெயின்ட் கடைப் பக்கம்கூடப் போவதில்லை நான்.

மூன்று வருஷம் முன்னால்... என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன சமயம். "சும்மா வூட்லயே உக்காந்து சண்ட போடாதீங்க" என்று மகள் எங்கள் இரண்டு பேருக்கும் ஜவ்வாது மலையில் மூன்று நாள் பெயின்டிங் ஹாலிடே புக் பண்ணிவிட்டாள். அதுவும் ஆயில் பெயின்டிங். பெயின்ட் என்றால் கேட்டுக்கு அடிப்பது என்று மட்டுமே தெரிந்த ஜென்மங்கள் நாங்கள்!

திருப்பத்தூரிலிருந்து அவர்தான் கார் ஓட்டினார். மலை ரோட்டில் இடது பக்கக் கண்ணாடி பாறையில் உரசி உடைந்தது. "ரோடு போட்ட லட்சணத்தப் பாரு" என்று திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் பஸ் ஓட்டிய மனுஷனை யார் சந்தேகப்படுவார்?

சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும். "மொதல்ல மெல்லிசா, அப்புறந்தான் கெட்டியா" என்று நூறு தடவை சொன்னாள். நான் கேட்டால்தானே! எடுத்த எடுப்பிலேயே தோசை மாவு மாதிரி அப்பினேன். மறுநாளும் காயவில்லை, முந்தானையெல்லாம் பச்சை.

அவர் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு மும்முரமாக வரைந்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது...

இரண்டாம் நாள் சாயங்காலம் "முடிஞ்சி போச்சி" என்று பிரஷ்ஷைக் கீழே வைத்தார். போய்ப் பார்த்தேன். எதிரே இருந்த சாமை வயல், பலா மரம், மலை எல்லாம் கேன்வாஸின் வலது பாதியில் மட்டும். இடது பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இன்னாங்க, மீதி மலைய யாருக்கு வுட்டு வெச்சிகிறீங்க?" என்றேன். கூட வரைய வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அவர் படத்தையே பார்த்தார். "இன்னாடி மீதி? முழுசாத்தான போட்டுகிறேன்?"

விளையாட்டில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. டீ டம்ளரை அவருக்கு இடது பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். திரும்பவே இல்லை. வலது பக்கம் வந்தேன். "எப்ப வந்தே?" என்று வாங்கிக்கொண்டார்.

உடைந்த கண்ணாடி நினைவுக்கு வந்தது. அதுவும் இடது பக்கம்தானே!

கார் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். "நீங்க வண்டி எடுக்கக் கூடாதுங்க. வேற ஆள் ஓட்டட்டும், இப்பவே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"சாவிய குடு! என்னாண்டயே வெளயாட்றியா? இந்த மலைய கண்ண மூடிகினு எறக்குவேன் நானு!"

அத்தனை பேர் எதிரில் என்னை அப்படி ஒருநாளும் திட்டியதில்லை. அழுதேனே தவிர, சாவியைக் கொடுக்கவில்லை. அங்கிருந்த ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார்.

மூளையில் சின்ன அடைப்பாம். இரண்டு கண்ணிலும் இடது பக்கப் பார்வை போயிருந்தது. வலியே இல்லாததால் அவருக்கே தெரியவில்லை. "உயிருக்கு ஆபத்தில்ல. வண்டி மட்டும் இனிமே வேணாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கம் யாராச்சும் நடந்து போயிருந்தா இன்னாடி ஆயிருக்கும்?" என்று கேட்டு அழுதார். நான் பார்க்க அவர் அழுதது அன்றுதான்.

அந்தக் காலத்தில் அவர் ஓட்டினால் நான் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்குவேன். இப்போது ஐம்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டு நான் ஓட்டுகிறேன். ஒரு குறை சொல்ல மாட்டார். ஆனால் வளைவு வந்தால் அவருடைய வலது கால் மட்டும் தரையை அழுத்தும்... அங்கே பிரேக் இருப்பதுபோல.

நான் பார்க்காத மாதிரி ஓட்டிக்கொண்டு போவேன்.